மூச்சுப் போகிற வழி

பலாலியில் இறங்கி விமானப் படிக்கட்டில் கால் வைத்ததும் அந்த மணம் மூக்கில் ஏறியது. சென்னையிலிருந்து வருகிற சின்ன விமானம். காற்றாடிகள் அப்போதுதான் ஓய்ந்துகொண்டிருந்தன. விமானத்துக்கு ஊற்றுவதும் ஒருவகை மண்ணெண்ணெய்தானே, மணக்கத்தான் செய்யும். முன்னால் இறங்கிய ஓர் அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் நின்று இன்னொருதரம் இழுத்தேன். பாதி எரிந்த மண்ணெண்ணெய், சூடேறிய இரும்பு, கொஞ்சம் ஒயில். உரும்பிராயில் குஞ்சியப்புவின் கராச்.

கராச் என்று ஊர்தான் சொன்னது. வீட்டுச் சுவருக்கும் வேலிக்கும் இடையில் இறக்கிய ஒரு தகரப்பத்தி, அவ்வளவுதான். நிலம் முழுக்க ஒயில் ஊறிக் கறுத்திருக்கும். பால்மா ரின்களில் ஆணிகள், நட்டுகள், எந்த மிசினிலிருந்து கழன்றதென்று அவருக்கு மட்டும் தெரிந்த துண்டு துணுக்குகள். குஞ்சியப்பு அப்பாவின் கடைசித் தம்பி. பள்ளிக்கூடம் விட்டால் நான் அங்கேதான் நிற்பேன். முதலில் வேடிக்கை பார்க்க நின்றேன். பிறகு ஸ்பானர் எடுத்துக் கொடுக்க. அதற்கும் பிறகு, "பெருவிரலை இஞ்சை வை, நான் உதைக்கிறன்" என்று சொல்கிற அளவுக்கு என்னை நம்பினார்.

1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்கியதோடு வடக்குக்குப் பெற்றோல் வருவது நின்றுபோயிற்று. மின்சாரம் இல்லை. பற்றறிக்கும் தடை. மண்ணெண்ணெய் சங்கக்கடையில் பங்கீட்டு அட்டைக்கு அளந்து கொடுப்பார்கள். வெளியில் வாங்குவதென்றால் விலையைக் கேட்கவே மனம் வராது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துக் கொஞ்சமாக எண்ணெய் விட்டுத் திரி கொளுத்தி, அந்த வெளிச்சத்தில்தான் சோதனைக்குப் படித்தோம். அதே எண்ணெயில் மொறிஸ் மைனர் கார் ஓடியது, ஹொண்டா சி 50 ஓடியது, தோட்டத்து இறைப்பு மிசின் ஓடியது. வீட்டில் விளக்கா, வெங்காயத்துக்குத் தண்ணீரா என்று ஒரு போத்தலை வைத்துக்கொண்டு புருசனும் பெண்சாதியும் பேசாமல் இருந்த வீடுகள் எனக்குத் தெரியும்.

மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. மிசினை எழுப்ப நாலு சொட்டுப் பெற்றோல் வேண்டும். அதற்கென்று ஹான்டிலில் ஒரு சின்னப் போத்தல் தொங்கும். அதிலிருந்து ஆஸ்பத்திரிச் சேலைன் ரியூப் ஒன்று கபிறேற்றர் வாய்க்குப் போகும். போத்தலை ஒரு நசி நசித்து உதைக்க வேண்டும். எடுத்துவிட்டால் சூடேறும்வரை திறொட்டிலைப் பிடித்து உறும வைக்க வேண்டும். பிறகு மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும், பின்னால் வெள்ளைப் புகை எழும்பும். விபரம் தெரிந்தவர்கள் வீட்டுக்குக் கிட்ட வரும்போதே எண்ணெயைப் பூட்டிவிட்டுக் கபிறேற்றரை வற்றவிட்டு நிறுத்துவார்கள். நாளைக்கு இரண்டு சொட்டு மிச்சம்.

இறைப்பு மிசின்களில் சிலது இதற்கென்றே செய்யப்பட்டவை. யப்பானில் இருந்து வரும்போதே பெற்றோலுக்கு ஒரு சின்னத் தாங்கியும் மண்ணெண்ணெய்க்கு ஒரு பெரிய தாங்கியும் வைத்துத்தான் வந்தன. உள்ளே அமுக்கமும் குறைவு. மோட்டார் சைக்கிள் அப்படியல்ல. பெற்றோலுக்குச் செய்த என்ஜினுக்குள் மண்ணெண்ணெயை விட்டால், அது தீப்பொறிக்குக் காத்திராமல் தன் பாட்டில் வெடிக்கப் பார்க்கும். மேட்டில் ஏறும்போது உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் கேட்கும். அதைத் தணிக்கக் குஞ்சியப்பு சிலிண்டருக்குக் கீழே கஸ்கற் ஒன்றைக் கூடப் போடுவார். அமுக்கம் குறையும். ஆனால் சிலிண்டர் உயர்ந்தால் மேலே இருக்கிற காம் தண்டும் விலகிப் போகும், ரைமிங் செயின் அதை எட்டிப் பிடிக்க வேண்டும், அதனால் வால்வு திறக்கிற நேரம் ஒரு மயிரளவு பிந்தும். "ஒண்டைத் திருத்தினால் இன்னொண்டு கோணும், பரவாயில்லை" என்பார். பரவாயில்லை என்கிற சொல்லை அந்த ஐந்து வருசத்தில் அவரளவு பாவித்தவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

மண்ணெண்ணெய் செய்கிற கெடுதல் உடனே தெரியாது. எரியாத எண்ணெய் சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே ஒயிலோடு சேரும். ஒயில் பார்க்கிற கோலை உருவிக் குஞ்சியப்பு முதலில் மணந்துதான் பார்ப்பார். ஒயில் குறைந்திருந்தால் கவலைப்பட மாட்டார். கூடியிருந்தால் முகம் மாறும். இன்னொரு பக்கம் கரி. வால்வின் தண்டில் கோந்துபோலப் படிந்து அதை மேலே கீழே போகவிடாமல் பிடிக்கும். வால்வு இருக்கையில் கரிப்பொட்டு ஒன்று ஒட்டினால் போதும், வால்வு முழுதாக மூடாது. மூடாத சந்தால் நெருப்பு ஓடும். புகை போகிற வால்வு தன் சூட்டை இறக்குவது மூடிக்கிடக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில், இருக்கையில் முட்டிக்கொண்டுதான். முட்டாவிட்டால் விளிம்பு தீய்ந்து, ஒரு பக்கம் கடித்த பிஸ்கற்போல ஆகிவிடும். அதனால்தான் ரப்பெற் சத்தம் கேட்கிறதென்று யாராவது வந்தால் அவர் சிரிப்பார். "சத்தம் போடுற வால்வு மூடுது தம்பி. சத்தமே இல்லாமல் கிடக்குதே, அதுக்குத்தான் பயப்பட வேணும்."

மிசின் ஒன்று வந்து இறங்கினால் ஸ்பானரைத் தூக்க மாட்டார். முதலில் கதை கேட்பார். ஓடிக்கொண்டிருந்தபோது நின்றதா, நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கும்போது மறுத்ததா? சூட்டில் மறுக்குதா, குளிரிலா? கடைசியாக யார் கழட்டினது? இந்தக் கடைசிக் கேள்விக்கு யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லமாட்டார்கள்.

பிறகு பிளக்கைக் கழட்டி, ஓட்டையில் என் பெருவிரலை வைக்கச் சொல்லித் திறொட்டிலை முழுக்கத் திறந்து உதைப்பார். விரலைத் தூக்கி எறிந்தால் நல்லது. மெல்லத் தடவிக்கொண்டு போனால் ஒரு கரண்டி ஒயிலைப் பிளக் ஓட்டைக்குள் விட்டு மறுபடி உதைப்பார். இப்போது விரல் எழும்பினால் றிங் தேய்ந்திருக்கிறது, ஒயில் அந்தச் சந்தை அடைத்திருக்கிறது. அப்போதும் எழும்பாவிட்டால் வால்வு. எந்த வால்வு என்று பார்க்க சைக்கிள் பம்பின் வாயை ஒரு பழைய பிளக் கோதில் ஒட்டி வைத்திருந்தார். இரண்டு வால்வும் மூடுகிற இடத்தில் பிஸ்ரனை நிறுத்தி நான் காற்றடிக்க வேண்டும். அவர் கபிறேற்றர் வாயில் காதை வைப்பார், பிறகு சைலன்சரில் வைப்பார், பிறகு ஒயில் மூடியைத் திறந்து அதில் வைப்பார். "மூச்சு எங்காலை போகுது எண்டு பாக்கிறன், சத்தம் போடாதை." கபிறேற்றரில் இரைந்தால் உள்ளே எடுக்கிற வால்வு, சைலன்சரில் இரைந்தால் வெளியே விடுகிற வால்வு, ஒயில் ஓட்டையில் இரைந்தால் றிங். மேலே சீனிவெடிச் சத்தத்தோடு ஆமி ஹெலி சுற்றினால் அது போகுமட்டும் காத்திருந்துவிட்டு மறுபடி காதை வைப்பார்.

புத்தூரில் மிளகாய் செய்கிற ஒருவர் ஒருநாள் தன் இறைப்பு மிசினைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார். உள்ளங்கையில் சீலை சுற்றியிருந்தது. கயிறு இழுத்தால் மிசின் கயிற்றைத் திருப்பி இழுக்குதாம், தோல் உரிந்துபோச்சாம். இன்னொரு கராச்சில் வால்வு போய்விட்டது, தலையைக் கழட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். குஞ்சியப்பு தலையைத் தொடவில்லை. மக்னெற் சில்லைப் பிடித்து அது சுற்றுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக ஒரு சுண்டு சுண்டினார். சில்லு அமுக்கத்தில் முட்டித் துள்ளித் திரும்பியது.

"வால்வு உயிரோடைதான் கிடக்கு. நேரம்தான் பிழை."

சில்லைக் கழட்டினார். சில்லையும் தண்டையும் ஒரே நிலையில் வைப்பது பாதி நிலா வடிவில் ஒரு சின்ன இரும்புத் துண்டு, கீ. அது நடுவால் பாதி அறுந்து படிபோல விலகி நின்றது. விலகின அளவு ஒரு நெல்லுக் கூட இல்லை. ஆனால் மக்னெற் சில்லில் இருந்துதான் தீப்பொறி வருகிற நேரம் தீர்மானமாகிறது. சில்லு முன்னுக்கு நகர்ந்ததால் பிஸ்ரன் மேலே வந்து முடிய முதலே பொறி விழுந்து அதைத் திருப்பி உதைத்திருக்கிறது. பம்புக்குள் கல் ஏதும் போய் மிசின் திடீரென்று இறுகி நின்றதா என்று கேட்டார். தோட்டக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஓம், போன கிழமை என்றார்.

பித்தளையில் ஒரு கீ ராவி எடுக்கக் குஞ்சியப்பு உட்கார்ந்தார். "உருக்கிலை போடுங்கோ அண்ணை, பிறகு அறாது" என்றார் தோட்டக்காரர். குஞ்சியப்பு தண்டின் கூம்பைப் பெற்றோல் தொட்ட துணியால் துடைத்துக் காட்டினார். சில்லைச் சுமப்பது கீ இல்லை, இந்தக் கூம்புதான். ஒயில் இல்லாமல் துடைத்து நட்டை இறுக்கினால் கூம்பே பிடிக்கும். கீ இடம் காட்டத்தான். "அது அறாட்டி தண்டு முறியும். தண்டுக்கு எங்கை போறது?" அன்றைக்கு அந்தத் துணியில் தொட்ட பெற்றோலின் விலை கீயின் கூலியைவிடக் கூட என்று அவரின் மனுசி குஞ்சம்மா பிறகு கணக்குச் சொன்னா.

ரைமிங்கும் வால்வும் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கிற கள்ளர். ஒரு வாத்தியாரின் எம்டி 90 அப்படித்தான் வந்தது. யப்பானில் தபால்காரர் ஓடித் தள்ளிவிட்ட சிவப்பு வண்டிகள் அவை. யாழ்ப்பாணத்தில் அப்போது அதுதான் மாப்பிள்ளை வண்டி. யாரோ கரி சுரண்டவென்று தலையைக் கழட்டிப் பூட்டியதிலிருந்து இழுவை இல்லை, கபிறேற்றரால் தும்முகிறது. குஞ்சியப்பு இடப்பக்க மூடியைத் திறந்து, சில்லிலுள்ள ரி குறியை உடம்பில் உள்ள கோட்டுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினார். அப்போது மேலே காம் பற்சில்லில் இருக்கிற வட்டக்குறி தலையிலுள்ள வெட்டுக்கு நேரே நிற்க வேண்டும். நிற்கவில்லை. செயின் பல்லு மாறிப் பூட்டியிருந்தது. சரியாக்கிப் பூட்டியும் பெருவிரல் எழும்பவில்லை. அதற்குள் வால்வு பிஸ்ரனில் முட்டியிருக்கிறது.

தலையைக் கழட்டிக் கவிழ்த்து, புகைவாய்க்குள் மண்ணெண்ணெயை ஊற்றினார். வால்வைச் சுற்றி ஒரு பக்கத்தால் மட்டும் ஈரம் கசிந்து முத்து முத்தாக நின்றது. வால்வை உருவிக் கண்ணாடித் துண்டொன்றின் மேல் உருட்டச் சொன்னார். அது தலையை ஆட்டி ஆட்டி உருண்டது. பார்வைக்கு நேர்தான், உருட்டினால்தான் கோணல் தெரியும். புது வால்வுக்கு எங்கே போவது? பெரிய என்ஜின் ஒன்றின் பழைய வால்வைக் கடைச்சல் பட்டறையில் கொடுத்துத் தலையும் தண்டும் குறைத்து எடுத்தார்கள். அந்தக் கடைச்சல் மிசினும் மண்ணெண்ணெயில்தான் சுற்றியது.

இருக்கையில் வால்வை அரைக்கிற வேலை எனக்கு. கடைப்பசை கிடையாது. சாணைக்கல்லின் தூளை அரித்து ஒயிலில் குழைத்து விளிம்பில் பூசுவோம். தண்டின் நுனியில் ஒரு துண்டுச் சேலைன் ரியூப்பை மாட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அப்படியும் இப்படியும் உருட்ட வேண்டும். இடைக்கிடை தூக்கி, கொஞ்சம் திருப்பி வைத்து, மறுபடி. முதலில் சரசரவென்று கேட்கும். கல்தூள் நொறுங்க நொறுங்கச் சத்தம் மெத்தென்று ஆகிவிடும். துடைத்துப் பார்த்தால் மினுக்கம் இல்லாத சாம்பல் நிறத்தில் ஒரு வளையம், சுற்றிவர ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். குஞ்சியப்பு நம்ப மாட்டார். வளையத்துக்குக் குறுக்கே பென்சிலால் கோடுகள் போட்டு, வால்வை வைத்து ஒரு கால்சுற்றுச் சுற்றி எடுப்பார். எல்லாக் கோடும் அறுந்திருந்தால் சரி. ஒரு கோடு தப்பி இருந்தாலும், "அரை" என்பார்.

பக்கத்தில் வால்வு வைத்த இறைப்பு மிசின்களில் இன்னொரு தொல்லை. அரைக்க அரைக்க வால்வு கீழே இறங்கும், தண்டு நுனி ரப்பெற்றை முட்டப் பார்க்கும். திருகி விடுவதற்கு ஆணியும் கிடையாது. தண்டின் நுனியைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லில் தேய்க்க வேண்டும். கூடத் தேய்த்தால் அந்த வால்வு போயிற்று. இடைவெளி பார்க்க அவரிடம் நல்ல அளவுகோல் ஒன்று இருந்ததாம், எப்போதோ இரவல் போய்விட்டது. சவர பிளேட்டால்தான் பார்த்தார். பிளேட்டின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு. இறைப்பு மிசினுக்கு அது கணக்கு. ஹொண்டாவுக்கு அதில் பாதிதான் வேண்டும், பிளேட் போகக்கூடாது, சிகரெட் பெட்டித் தாள் இறுகிப் போக வேண்டும். தீப்பொறிக்கான பொயின்ற் திறக்கிற நேரம் பார்க்கவும் அதே தாள்தான். பொயின்ற்றுக்கு இடையில் கடித்து நிற்கிற தாளை மெல்ல இழுத்துக்கொண்டே சில்லைச் சுற்றுவார். எஃப் குறி கோட்டுக்கு வருகிற அந்தக் கணத்தில் தாள் விட்டுக்கொடுக்க வேண்டும்.

ரொறன்ரோவில் கலியாண மண்டபங்களில் என் வயதுக்காரர் கூடினால், நாங்கள் மண்ணெண்ணெயிலை கார் ஓட்டின ஆக்கள் என்று தொடங்கிவிடுவார்கள். பொய்யில்லை. ஆனால் குஞ்சியப்புவுக்கு அதில் ஒரு பெருமையும் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஒவ்வொரு வண்டியையும் கெடுத்து ஓடவைக்கிறேன் என்றுதான் சொல்லுவார். நல்ல ஒயிலும் பெற்றோலும் வந்தால் முதல் வேலையாக அந்தக் கூடுதல் கஸ்கற்றுகளைக் கழட்டி எறிய வேண்டும் என்று திட்டம் வைத்திருந்தார். 1995 ஐப்பசியின் முடிவில் ஊரே தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது பால்மா ரின்கள் பத்தியிலேயே கிடந்தன. பெரிய ஸ்பானர்களை மட்டும் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டினார். நான் அங்கிருந்து வன்னி, கொழும்பு, பிறகு கனடா. அவர் அடுத்த வருசமே உரும்பிராய்க்குத் திரும்பிவிட்டார். 2002இல் ஏ9 பாதை திறந்து பெற்றோல் தாராளமாக வந்த பிறகு, கஸ்கற் கழட்டவென்று வந்த வண்டிகள் மிகக் குறைவு என்று ரெலிபோனில் சொல்லிச் சிரித்தார். எல்லோரும் புது வண்டி எடுத்துவிட்டார்கள்.

2022இல் தெற்கிலும் பெற்றோலுக்கு இரவுபகலாக வரிசை நின்றபோது அவர் இல்லை. பெற்றோல் லீற்றர் 400 ரூபாயைத் தாண்டியிருக்க மண்ணெண்ணெய் 87 ரூபாயில் நின்ற நாட்கள் அவை. ஓகஸ்ட்டில்தான் அதை 340 ஆக்கினார்கள். இடையில் கலந்து ஓட்டியவர்களின் வால்வுகளை யார் பார்த்தார்களோ.

இந்தமுறை நான் போன நேரம் நீர்வேலியில் மச்சானின் இறைப்பு மிசின் மறுத்தது. கிணற்றில் மின்சார மோட்டார் இருக்கிறது, வாழைத் தோட்டத்தின் தொங்கலுக்கு மட்டும் இந்தச் சீன மிசின். 163 சிசி, மேலே வால்வு வைத்தது. பொடியன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் பெட்டியோடு வந்தான். நான் பெருவிரலை வைக்கப் போனதைப் பார்த்து, "அண்ணை, உதை நம்பேலாது. லேசா இழுக்கிறதுக்காகக் காமிலையே அமுக்கத்தைத் திறந்துவிடுற ஒரு நெம்பு கிடக்கு. கேஜ் போட்டாலும் குறைச்சுத்தான் காட்டும்" என்றான். அது எனக்குப் புதிது. சின்னக் கம்பிரசர் ஒன்றை மின்சாரத்தில் மாட்டி, பிஸ்ரனை மேலே நிறுத்தி, பிளக் ஓட்டையால் காற்றை விட்டான். விட்டுவிட்டுக் குனிந்து காதைச் சைலன்சரில் வைத்தான். நான் கபிறேற்றரில் வைத்தேன். என் பக்கம் அமைதி. அவன் பக்கம் உஸ்ஸென்று இரைந்தது.

வால்வை அரைக்கலாமே என்றேன். அரைக்கலாம், பசையும் கடையில் கிடக்கு, ஆனால் என் அரைநாள் கூலியைவிட வால்வோடு முழுத்தலை மலிவு என்றான். கணக்குச் சரிதான். ஒரு மணித்தியாலத்துக்குள் புதுத்தலை பூட்டி, உள்ளே எடுக்கிறதுக்கு 0.15, வெளியே விடுகிறதுக்கு 0.20 என்று தகடு வைத்து இடைவெளி பார்த்து, கயிற்றை இழுத்தான். எடுத்துவிட்டது. பில் எழுதினான்: தலை, கஸ்கற், கூலி. நாலாவதாக இன்னொரு வரி: பிழை பார்த்தது.

மச்சான் அந்த வரியில் விரலை வைத்து, "காது வைச்சுக் கேட்டதுக்கும் காசோ?" என்றான்.

குஞ்சியப்பு பிழை கண்டுபிடித்ததற்கு ஒருநாளும் காசு கேட்டதில்லை. கழட்டிப் பூட்டினதற்குத்தான் கேட்பார். அதையும் சிலர் வெங்காயமாகத் தருவார்கள், சிலர் பிறகு தருவார்கள். புத்தூர்க்காரர் வேறு கராச்சில் தலை கழட்டியிருந்தால் கொடுத்திருக்கக்கூடிய கூலி எவ்வளவு, குஞ்சியப்பு ஒரு சுண்டில் மிச்சம் பிடித்துக் கொடுத்தது எவ்வளவு என்று பார்த்தால், வேலையே அந்தச் சுண்டுதான். கீ ராவினது ஒரு வேலையா? பொடியனுக்கு எழுதினபடி கொடு என்று மச்சானுக்குச் சொன்னேன்.

பின்னேரம் உரும்பிராயில் குஞ்சம்மாவுக்கு இதைச் சொன்னபோது வாயிலிருந்த வெற்றிலை தெறிக்கச் சிரித்தா. "உதைத்தானே நான் அந்த நாளையிலை தொண்டை கிழியக் கத்தினனான்! அந்த மனுசன் கேட்டாரோ?" என்றுவிட்டு, பொடியன் எவ்வளவு எழுதினவன் என்று கேட்டா. சொன்னேன். அதைவிடக் கூடக் கேட்டிருக்கலாம் என்றா.